பூசணியின் முதல் வெட்டு

1

கார்த்திகை பிறக்கப் போகிறது. ஊரில் உங்களுக்கு மழை பிடித்திருக்கும், கிணறுகளில் தண்ணீர் ஏறியிருக்கும். இங்கே எங்கள் தெருவில் மரங்கள் கடைசி இலைகளையும் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கின்றன. ஒரு மாதமாக எனக்கு வேலை இலை கூட்டுவதுதான். இன்றைக்கும் கூட்டி முடித்து, கை சூடேற ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திப் போடட்டும். சொல்ல வந்ததில் பிழை இராது.

பாரிஸ் என்றால் நீங்கள் அந்த இரும்புக் கோபுரத்தை நினைப்பீர்கள். நான் இருப்பது நகரத்துக்கு வெளியே, பொண்டி என்ற இடத்தில். சின்ன வீடு, முன்னால் இரண்டு முழம் பூந்தோட்டம், பின்னால் கொஞ்சம் மண். இந்த மாதிரித் தனி வீட்டை இங்கே பவியோன் என்பார்கள். எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும். எனக்கும் நிமிரும், பொய் சொல்வானேன்.

ஆனால் இந்த வீட்டுக்குக் குளிர் வருமுன் நூறு பணிவிடை செய்ய வேண்டும். சூடாக்கும் மெசினைப் பார்க்க ஆள் கூப்பிட வேண்டும். வெளிக் குழாயைப் பூட்டாவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். ரோசாவைக் கட்டையாக வெட்டிவிட வேண்டும். கறிவேப்பிலைச் சாடியை உள்ளே இழுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே இரவில் கருகிப் போகும். கூட்டிய இலையைக் காகிதப் பைகளில் கட்டி, வண்டி வரும் நாளில் வாசல் படலையடியில் வைக்க வேண்டும்.

இந்தக் காகிதப் பை விசயம் எனக்குத் தொடக்கத்தில் தெரியாது. வீடு வாங்கிய முதல் வருஷம், ஊரில் செய்ததைத்தான் செய்தேன். இலையை வேலியோரம் குவித்து நெருப்பு வைத்தேன். நல்ல புகை. அந்த மணத்தில் நான் என்னை மறந்து நின்றிருக்கிறேன், தெருவில் தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டு மதாம் கொலெத் கூப்பிட்டிருக்கிறாள். இவர் (என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், பெயர் சொல்லிப் பழக்கமில்லை) படலையடியில் நின்று, தெரிந்த ஒரே மன்னிப்புச் சொல்லான "பர்தோன், பர்தோன்" என்பதையே வந்த எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் அடிக்கிற ஹோசோடு நின்றவனுக்கும் சொன்னார், வேடிக்கை பார்த்த நாய்க்கும் சொன்னார்.

அடுத்த நாள் கொலெத் ஒரு கட்டுக் காகிதப் பையோடு வந்து, எப்படி நிரப்புவது, எப்படி மடிப்பது என்று காட்டித் தந்தாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். என் பிரெஞ்சு சந்தைக்குப் போதும். மிச்சத்தைக் கையால் பேசிக்கொள்வோம்.

2

பொண்டிக்கு வருமுன் லாச்சப்பலில் இருந்தோம். பாரிஸுக்குள் எங்கள் சனத்தின் கடைகளும் கோயிலும் உள்ள இடம். ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை, அதற்குள் மகனோடு நாங்கள் மூன்று பேர், இவருடைய தம்பிமார் இரண்டு பேர். யன்னலைத் திறந்தால் கீழே மரக்கறிப் பெட்டிகளும் ஆட்களின் தலையும்தான். இவர் ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார், பிறகு அங்கேயே சமைத்தார். நான் ஒபீசுகள் கூட்டினேன். அப்படித்தான் இந்த வீடு வந்தது.

சாவி கையில் கிடைத்த அன்று இவர் உள்ளே போய் அறைகளைப் பார்க்கவில்லை. நேரே பின்னால் போய், குந்தியிருந்து, ஒரு பிடி மண் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "பூசணி வரும்" என்றார். வந்தது. அந்த வருஷமே வந்தது.

எங்கள் தெரு ஒரு முட்டுத் தெரு. ஒக்டோபர் கடைசி ஞாயிறு, தெரு முடிகிற இடத்தில் மேசைகளைப் போட்டு, ஒவ்வொரு வீடும் தோட்டத்தில் மிஞ்சியதைக் கொண்டுவரும். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. எல்லாம் ஒரே அண்டாவில் சூப்பாகும். பிள்ளைகள் மஞ்சள் இலையில் முடி கட்டித் தலையில் வைப்பார்கள். தெருவில் ஆகப் பெரிய பூசணியை எல்லோருக்கும் முன்னால் வெட்டுவார்கள். வளர்த்த வீட்டுக்குத்தான் முதல் வெட்டு. அது வருஷா வருஷம் எங்கள் வீடு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முழுப் பூசணியைப் பெண்கள் வெட்டுவதில்லை. ஆம்பிளை முதல் வெட்டு வெட்டித் தர வேண்டும். பிறகு பெண்கள் எத்தனை துண்டாகவும் வெட்டலாம். ஆட்டுக்குப் பதிலாகப் பலி கொடுக்கிற காய் என்பார்கள், பிள்ளை பெற்றவள் அதில் கத்தி வைக்கக் கூடாது என்பார்கள். சரியோ பிழையோ, என் அம்மா வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை. வீட்டு ஆம்பிளை வர நேரம் சென்றால் பூசணி இல்லாமல் கறி வைப்போமே தவிர, கத்தியைத் தொடமாட்டோம். முதல் வெட்டு வெட்டுகிறவர்தான் அந்த வீட்டுக்குத் தலை. இதை ஒருவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இவர் கத்தியைக் கழுவுவார். காயில் ஒரு பொட்டுக் குங்குமம் வைப்பார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரே வெட்டு. முதல் வருஷம் கொலெத் குங்குமத்தைக் காட்டி, பப்ரிக்கா மிளகாய்த்தூளா, சூப்பிலும் போடலாமா என்று கேட்டாள். இவர் ஓம் என்று தலையாட்டிவிட்டார். என்ன சொல்லி விளங்கப்படுத்துவது.

3

இவர் போனது போன வருஷம் சித்திரையில். நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. அந்த வருஷம் நான் ஒரு விதையும் ஊன்றவில்லை. துக்க வீடு, தெருக் கொண்டாட்டத்துக்கும் போகவில்லை. யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். பின்னேரம் படலையைத் திறந்தால், ஒரு கோப்பை சூப், மேலே தட்டு மூடியபடி, மதிலில் இருந்தது. கொலெத் கதவைத் தட்டாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இந்த வருஷம் ஆண்டுத் திவசத்துக்கு மகன் சுதன் துலூசிலிருந்து வந்தான். தெற்கே, ரயிலில் பாதி நாள் போகிற தூரம். விமானம் செய்கிற இடத்தில் ஒபீஸ் வேலை. திவசச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவும்போது குசினியில் கதையைத் தொடங்கினான்.

"அம்மா, உங்களுக்கு இந்த வீடு பெரிசு."

"ஓம், நான் சின்ன ஆள்தான்."

"பகிடி விடாதேங்கோ. குளிருக்கை வழுக்கி விழுந்தா ஆர் தூக்கிறது?"

"விழேக்கை பாப்பம்."

"லாச்சப்பலிலை ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறன். லிப்ட் இருக்கு. கீழை கடை, அங்காலை கோயில். எல்லாம் உங்கடை சனம்."

"அந்தச் சனத்துக்கை இருந்து வெளிக்கிடத்தானே கொப்பர் இவ்வளவு காலம் கோப்பை கழுவினவர்."

அவன் கோப்பையைத் துடைத்தான். அவன் கெட்டவன் அல்ல. ஒவ்வொரு இரவும் போன் எடுத்து, சாப்பிட்டீர்களா, கதவு பூட்டினீர்களா என்று கேட்கிற பிள்ளை. பனி பெய்தால் அங்கிருந்தே அவனுக்கு நெஞ்சு இடிக்கும். வீடு இப்போது எங்கள் இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது. விற்பதென்றால் அவனும் கையெழுத்து வைக்க வேண்டும், நானும் வைக்க வேண்டும்.

அவன் போன பிறகு, இவர் சாம்பலில் பிரட்டி வைத்திருந்த பூசணி விதைகளைத் தேடி எடுத்து, யோகட் கோப்பைகளில் ஊன்றினேன். குளிர் விட்டதும் கன்றுகளை மண்ணுக்கு மாற்றினேன். ஆடி கழிய ஒரு காய் மட்டும் நின்று பெருத்தது. மற்றதெல்லாம் பிஞ்சிலேயே வெம்பி விழுந்தன. நின்ற காய் என் இரண்டு கைக்கும் அடங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அன்று இரவு அவன் போன் எடுத்தபோது சொன்னேன்.

"தம்பி, ஒக்டோபர் கடைசி ஞாயிறு வா. பூசணி வெட்ட வேணும்."

"அதுக்கு நான் துலூசிலை இருந்து வரோணுமோ?"

"நீ வந்து வெட்டு. வெட்டினாப் பிறகு வீட்டைப் பற்றிக் கதைப்பம்."

அவன் குரல் மலர்ந்துவிட்டது. "சரி அம்மா, வாறன். பிறகு கதை மாறக் கூடாது."

நான் மனதுக்குள் முடிவு எடுத்திருந்தேன். தகப்பன் கை வைத்த இடத்தில் இவன் வந்து கை வைத்தால், இந்த வீட்டுக்குத் தலை இவன். பிறகு இவன் காட்டுகிற இடத்தில் கையெழுத்து வைப்பேன், ஒரு முணுமுணுப்பும் இருக்காது. கத்தியைப் பிடித்தால் வீடும் கொஞ்சம் அவன் கையில் ஒட்டாதா, விற்க மனம் வராமல் போகாதா என்ற ஆசையும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

4

கொண்டாட்டத்துக்கு முதல் கிழமை லாச்சப்பலுக்குப் போனேன். கற்பூரம், குங்குமம், தேங்காய்ப் பால் வாங்க. சுதன் பார்த்து வைத்த இடமும் நாங்கள் வழக்கமாகப் போகிற கண்ணனின் கடைக்கு மேலேதான். கண்ணன் சாவியோடு வந்து காட்டினான். துப்புரவான அறை, புதுக் குசினி. யன்னலால் பார்த்தால் ரயில் தண்டவாளங்கள், ஒன்றோடு ஒன்று சேர்ந்தும் பிரிந்தும் போகின்றன.

"அன்ரி, நல்ல வெளிச்சம் பாத்தியளே. இஞ்சை இலை கூட்டிற கரைச்சலும் இல்லை."

"ஓம். கூட்ட ஒண்டுமில்லை."

கீழே வந்தால் கடை வாசலில் பூசணித் துண்டுகள், மினுங்குகிற பேப்பர் சுற்றி அடுக்கியிருக்கின்றன.

"முழுக் காய் வாறேல்லையோ?"

"ஆர் அன்ரி இப்ப முழுசா வாங்கினம். வெட்டித்தான் விக்கிறம்."

"ஆர் வெட்டுறது?"

"மெசின்."

"மெசின் ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

கண்ணன் ஒரு கணம் முழித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "உதுகள் இப்பவும் பாக்கிறியளே? என்ரை மனிசி என்னையே வெட்டுறாள், பூசணி என்ன பூசணி."

நானும் சிரித்தேன். ரயிலில் திரும்பி வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

5

சனிக்கிழமையே வருவதாகச் சொன்ன சுதன் ஞாயிறு காலைதான் வந்தான், மகள் லயாவோடு. மருமகளுக்கு வேலை. லயா இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள்.

"சாப்பிட்டியோ குஞ்சு?"

"வுயி, அப்பம்மா."

நான் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும். பதில் மட்டும் வேறு பாசையில் வரும். நான் அதை இப்போது திருத்துவதில்லை. பதில் வருகிறதே.

சுதன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டைச் சுற்றி நடந்தான். இவருடைய அதே நடை, கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி. பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. பிறகுதான் கவனித்தேன், போனில் அறை அறையாகப் படம் எடுக்கிறான்.

"என்ன தம்பி?"

"வீடு விக்கிற ஏஜென்சிக்கு அம்மா. நாளைக்குக் காலமை ஆக்கள் வந்து வீட்டைப் பாப்பினம்."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"பூசணி வெட்டினாப் பிறகு கதைப்பம் எண்டனீங்கள். இண்டைக்கு வெட்டுறம்தானே."

அவன் சொன்னது சரிதான்.

பூசணியைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெரு முனைக்குக் கொண்டுபோனோம். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் எதிரில் வந்தவர் முசியே அந்துவான், மூன்றாம் வீட்டுக்காரர். பாண்டிச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். வண்டியைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, ஐயா இல்லாம இத யாரு வெட்டறது? எங்க ஊர்லயும் பொம்பளைங்க கத்தி வைக்க மாட்டாங்க. வேணும்னா நான் வெட்டித் தரேன். நானும் ஆம்பளதான், பாஸ்போர்ட்ல போட்டிருக்கான்."

"வேண்டாம் அண்ணை. மகன் வந்திருக்கிறான்."

"அப்ப சரி. மகன் வந்தாச்சுன்னா வேற என்ன வேணும்."

கொலெத் கரண்டியால் அண்டாவைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டாள். இவரைப் பற்றி ஏதோ பேசினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. பூசணி, முசியே, இந்தத் தெரு, இந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அவள் கத்தியை இரண்டு கையிலும் ஏந்தி என்னிடம் தந்தாள். மரியாதைக்குத்தான். வளர்த்தவள் நான்தானே.

கத்தியைத் துடைத்தேன். காயில் குங்குமம் வைத்தேன். சுதனைத் தேடினேன். அவன் எனக்கு நேரே முன்னால், எல்லோரையும் விட முன்னால் நின்றான், போனைத் தூக்கிப் பிடித்தபடி. நான் கத்தியின் பிடியை அவன் பக்கம் நீட்டினேன்.

"தம்பி, வா."

"நீங்கள் வெட்டுங்கோ அம்மா. எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"நீ வெட்டு."

"நான் வீடியோ எடுக்கிறன். சித்தப்பாமாருக்கு அனுப்பலாம். இஞ்சை பாத்து, கொஞ்சம் சிரியுங்கோ."

ஒரு நொடி காத்திருந்தேன். இவனுக்கு இப்போது நினைவு வரும், போனைத் தாழ்த்துவான், "ஐயோ அம்மா, நீங்கள் வெட்டக் கூடாதே" என்பான் என்று. அந்தத் தெருவில் நின்ற அத்தனை பேரிலும் விசயம் விளங்கியவர் அந்துவான் ஒருவர்தான். அவர் சூப் அண்டாவைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் பிள்ளை சிரித்தபடி போனைப் பிடித்திருந்தான்.

வெட்டினேன். கத்தி பாதியில் இறுகி நின்றது. என் பாரத்தை எல்லாம் அதன்மேல் போட்டு அமத்தினேன். காய் பிளந்து இரண்டாக மேசையில் உருண்டது. உள்ளே நல்ல செம்மஞ்சள், நிறைய விதை. கை தட்டினார்கள். லயா "பிராவோ, அப்பம்மா" என்று வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ள ஒரு ஆள் இல்லாமல் போனது எனக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று அங்கே யாருக்குச் சொல்வேன். என் விரலெல்லாம் பிசின்போல ஒட்டியது. லயாவின் சட்டையில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

6

இரவு புட்டும் பூசணிக் கறியும். லயா முன்னறையில் நித்திரை. சுதன் இரண்டாம் முறை கறி போட்டுச் சாப்பிட்டான். நான் கேட்டேன்.

"தம்பி, கொப்பர் ஏன் ஒவ்வொரு வருஷமும் தானே வெட்டினவர், தெரியுமோ?"

"உங்களுக்குக் கை நோ எண்டுதானே. ஒபீஸ் கூட்டிக் கூட்டி மணிக்கட்டு பிசகி இருந்தது. அப்பா உங்களைப் பாரமான ஒண்டும் செய்ய விடமாட்டார்."

சின்ன வயதிலிருந்து அவன் அதைப் பார்த்து, அதற்கு ஒரு காரணத்தைத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அந்தக் காரணம் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவருக்கு அந்த எண்ணமும் இருந்திருக்கலாம்.

"இண்டைக்கு வெட்டேக்கை கை நொந்ததோ அம்மா?"

"இல்லை."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "அப்ப நாளைக்குக் காலமை ஏஜென்சிக்காரர் வரேக்கை..."

"வர வேண்டாம் எண்டு சொல்லு."

"என்னம்மா? வெட்டினாப் பிறகு கதைப்பம் எண்டனீங்கள்."

"வெட்டியாச்சு. கதைச்சும் ஆச்சு."

"விளங்கேல்லை அம்மா."

"நான் இஞ்சைதான் இருக்கப்போறன். கையெழுத்து வைக்க மாட்டன்."

முதல் வெட்டின் காரணத்தைச் சொல்லியிருந்தால் அவனுக்கு விளங்கியிருக்கும். உடனே மன்னிப்புக் கேட்டிருப்பான், அடுத்த நாளே கடைக்குப் போய் ஒரு முழுப் பூசணி தேடி வாங்கி வந்து, எனக்கு முன்னால் வெட்டியும் காட்டியிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை. வீட்டுக்குத் தலையாவது கேட்டு வாங்குகிற காரியமல்ல, கேட்டுக் கொடுக்கிற காரியமும் அல்ல. கத்தி என் கையில் நின்றுவிட்டது. இனி இந்த வீட்டில் முடிவு சொல்ல வேண்டியவள் நான். அதில் எனக்கு ஒரு சந்தோசமும் இருக்கவில்லை. யாராவது ஒருவர் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்றுதான் இருந்தது.

இரவு மழை பெய்தது. விடியப் பார்த்தால் குசினிக் கதவுக்கு மேலே கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி நிரம்பி, தண்ணீர் சுவரோடு வடிகிறது. இலை அடைத்துவிட்டது. சுதன் போனில் ஏஜென்சிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன், அதைப் பார்த்தான். கொட்டிலுக்குள் இருந்த ஏணியை இழுத்து வந்து சாத்தி, துலூசுக்குத் திரும்பப் போட்டிருந்த நல்ல சப்பாத்தோடேயே ஏறினான்.

நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவன் கோபத்தோடு கை கையாக அள்ளி எறிந்தான். கறுத்து அழுகிய இலை என் தோளிலும் தலையிலும் விழுந்தது. நான் தட்டவில்லை. அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரை, ஏணியை மாற்றி மாற்றி வைத்து அள்ளினான். தண்ணீர் சத்தத்தோடு குழாயில் இறங்கத் தொடங்கியது.

கடைசிப் பிடியை எறிந்த பிறகும் அவன் இறங்கவில்லை. கூரை ஓட்டில் கையை ஊன்றிக்கொண்டு மேலேயே நின்றான்.

"அடுத்த வருஷம் ஆரம்மா இதை அள்ளுறது?"

குரலில் இப்போது கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

"பாத்து இறங்கு தம்பி, வழுக்கும்" என்றேன். ஏணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.